பூசணி பூக்கிறது, ஏன் காய்க்கவில்லை? கரவெட்டி வளவுகளில் தேனீக்கு உகந்த பூக்கள்

காலை ஆறரை மணி. கரவெட்டியில் கிணற்றடியை ஒட்டி நாலு பாத்தி பூசணியும் ஒரு பாகல் பந்தலும் போட்டிருக்கும் ஓர் அக்காவின் வளவு. பூசணிக் கொடி முழுவதும் கையகலத்துக்கு விரிந்த மஞ்சள் பூக்கள். ஆனால் இலையைத் தூக்கிப் பார்த்தால் தேசிக்காய் அளவில் மஞ்சளித்து வெம்பிய பிஞ்சுகள்தான் இருக்கின்றன. தொட்டாலே கழன்று விழுகின்றன.

"மருந்து காணாது தம்பி. இந்த முறை கொஞ்சம் கடுமையானதாய் வாங்கி அடிக்கவேணும்" என்றார் அவர்.

போரில் கணவரை இழந்தவர். நெல்லியடிச் சந்தைக்குக் கொண்டுபோகும் மரக்கறிதான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குக் கைகொடுக்கின்றது. பத்துப் பூசணி குறைந்தால் அந்த மாதமே இடறும். விழுந்த பிஞ்சு ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். உள்ளே புழு இருந்திருந்தால் பழ ஈயின் வேலை என்று சொல்லலாம். புழுவும் இல்லை, அழுகலும் இல்லை. வெறும் வெம்பல். பிறகு அரை மணித்தியாலம் கொடியருகே நின்றோம். எறும்பு வந்தது, சிறு வண்டு ஒன்று இதழைக் கடித்தது. தேனீ ஒன்றுகூட வரவில்லை.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அதன் மகரந்தம் பெரியது, ஒட்டும் தன்மை கொண்டது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு ஒரு பூச்சி அதைச் சுமந்துபோக வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது. விடியலில் விரியும் பூ வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அந்தச் சில மணித்தியாலங்களுக்குள் பல தடவை தேனீ வந்து போனால்தான் பிஞ்சு நிற்கும். பாகல், வெள்ளரி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தேனீ வராததால் விழும் பிஞ்சுக்கு மருந்தடித்தால், தப்பித் தவறி வரும் ஒன்றிரண்டு தேனீயும் செத்துப்போகும். அடுத்த முறை இன்னும் கூடுதலாகப் பிஞ்சு விழும். அதற்கு இன்னும் கடும் மருந்து தேடவேண்டி வரும். பூச்சிகொல்லிக்கு நாங்கள் வைத்த பெயரே 'மருந்து'. அந்தச் சொல்லும் எங்களைக் கொஞ்சம் ஏமாற்றியிருக்கின்றது.

உடனடிக்கு ஒரு வழி இருக்கின்றது. காலை ஏழு மணிக்கு முன் அன்று விரிந்த ஆண் பூவொன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவிவிடலாம். அடியில் சிறு காய் போன்ற வீக்கம் இருப்பதுதான் பெண் பூ. நாலு பாத்திக்கு இது சரி. நாற்பது பாத்திக்கு யார் தடவுவது? தேனீதான் திரும்பி வரவேண்டும்.

பூ வைத்தால் தேனீ வருமா?

தேனீக்குப் பூ வேண்டும், எனவே பூமரம் வைப்போம் என்று பலரும் நினைக்கின்றோம். நினைப்பு நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு முன்னால் நாங்கள் விரும்பி வைக்கும் பூக்களில் பெரும்பாலானவற்றில் தேனீக்கு உணவே இல்லை.

கடதாசிப்பூ என்று நாங்கள் சொல்லும் போகன்வில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறமெல்லாம் பூவின் இதழல்ல, பூவைச் சுற்றியுள்ள சிற்றிலைகள். உண்மையான பூ நடுவில் சிறு வெள்ளைக் குழலாக இருக்கும். எங்கள் நாட்டுத் தேனீயின் நாக்கு அரைச் சென்ரிமீற்றர் அளவுதான். அந்தக் குழலின் அடிக்கு அது எட்டாது. மல்லிகையும் முல்லையும் மாலையில் விரிந்து இரவில் மணப்பவை. அவை அந்துப்பூச்சிக்கான பூக்கள். நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் குழல் பூக்கள்தான். செவ்வலரிப் பூவில் தேனே கிடையாது. தேன் இருக்கும் என்று ஏமாந்து வரும் பூச்சியை வைத்துத்தான் அது காரியம் பார்க்கின்றது. செம்பரத்தையில் தேன் உண்டு, ஆனால் அது தேன்சிட்டுக்கான பூ. அடுக்குச் செம்பரத்தை, அடுக்கு ரோசா, பந்துபோன்ற செவ்வந்தி ஆகியவற்றில் மகரந்தம் தரவேண்டிய உறுப்புகளே இதழ்களாக மாறிவிட்டன. கண்ணுக்கு நிறைவு, தேனீக்கு வெறும் பந்தி.

இதில் ஒரு வசதி இருப்பதையும் சொல்லவேண்டும். சாமிக்கு விடியற்காலையில் நாங்கள் ஆயும் பூக்களும் தேனீ தேடும் பூக்களும் பெரும்பாலும் வேறு வேறு. நந்தியாவட்டையையும் செம்பரத்தையையும் கூடை நிறைய ஆய்ந்தாலும் தேனீயின் சோற்றில் மண் விழாது. இரண்டுக்கும் வளவில் இடம் இருக்கின்றது.

அப்படியென்றால் தேனீக்கு எது? பெரும்பாலும் நாங்கள் 'பூமரம்' என்றே கணக்கில் எடுக்காதவைதான். துளசி முதலில் வரும். இலை நன்றாக வரவேண்டும் என்று கதிரைக் கிள்ளிவிடுவது வழக்கம். பத்துச் செடியில் மூன்றையாவது கிள்ளாமல் பூக்கவிட்டால் காலை முழுவதும் அதில் இரைச்சல் கேட்கும். திருநீற்றுப்பச்சையும் அப்படித்தான். பத்துமணிப்பூ வெயிலுக்கும் வரட்சிக்கும் தாங்கும், அயல்வீட்டில் ஒரு தண்டு முறித்து வந்து ஊன்றினால் போதும். ஆனால் ஒற்றை இதழ் அடுக்கு உள்ளதாகப் பார்த்து எடுக்கவேண்டும். சூரியகாந்தி, கொஸ்மஸ், ஒற்றை இதழ் சீனியா, எள்ளு, பூக்கவிட்ட கொத்தமல்லி, அறுவடைக்குத் தப்பிப் பூத்த வெங்காயத் தண்டு ஆகிய எல்லாம் நல்லவை. முருங்கை, கறிவேப்பிலை, தேசி, மாதுளை, கொய்யா ஆகியவை மனிதருக்கும் தேனீக்கும் சேர்த்தே சமைக்கும் மரங்கள். களை என்று பிடுங்கி எறியும் தும்பையையும் தொட்டாச்சுருங்கியையும் வேலியோரத்தில் ஒரு முழ அகலத்துக்கு விட்டுவைத்தாலும் பலன் உண்டு.

நேரடியாகவே நஞ்சாகும் பூக்களும் உண்டு, ஆனால் மிகச் சிலதான். பெரிய செம்மஞ்சள் கிண்ணங்கள்போலப் பூக்கும் ஆபிரிக்கத் துலிப் மரம் மலைநாட்டு வீதிகளில் நிறைய நிற்கின்றது. அதன் பூவுக்குள் கொட்டாத சிறு தேனீக்கள் செத்துக் கிடப்பதைப் பிரேசிலில் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கின்றனர். அழகென்று அதன் கன்றை இங்கு கொண்டுவந்து நடாமல் இருப்பது நல்லது.

கார்த்திகைப்பூவைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 2003 இல் தமிழீழத் தேசியப் பூவாக அறிவிக்கப்பட்ட அந்தப் பூ தமிழ்நாட்டின் மாநிலப் பூவும்கூட. அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது தேனீ நம்பி வாழும் பூ அல்ல. தேன் ஓரிடத்திலும் சூல்முடி எட்டத் தள்ளியும் இருப்பதால் பெரிய வண்ணத்துப்பூச்சி போன்றவைதான் அதற்குப் பொருந்தும். விதைக்காக அதைப் பயிரிடும் தமிழ்நாட்டு விவசாயிகள் கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். வேலியில் அது படர்ந்தால் படரட்டும், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புகையிலைத் தண்ணியும் அதன் பேரப்பிள்ளையும்

உண்மையான ஆபத்து பூவின் இனத்தில் இல்லை. பூவுக்குள் நாங்கள் எதை ஏற்றி வைத்திருக்கின்றோம் என்பதில்தான் இருக்கின்றது. இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தாருக்கு வெளியே போகவேண்டியதில்லை. புகையிலையைத் தெரிந்தால் போதும்.

ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய பயிர் யாழ்ப்பாணப் புகையிலை. வடமராட்சித் தோட்டக் காணிகளில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் அது நின்றது. கழிவுப் புகையிலையை ஊறவைத்து, அந்தத் தண்ணியைப் பூச்சிக்குத் தெளிப்பது பழைய முறை. அதில் வேலை செய்வது நிக்கொட்டின். பூச்சியின் நரம்பு ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, நரம்பை ஓயாமல் துடிக்கவைத்து, கடைசியில் முடக்கிவிடும். 1990களில் பரவலான ஒரு புதிய பூச்சிகொல்லிக் குடும்பம் இதே இடத்தில்தான் தாக்குகின்றது. அதனால்தான் அதற்கு நியோனிக்கொட்டினொயிட், அதாவது புது நிக்கொட்டின் வகை, என்று பெயர். இமிடாகுளோப்ரிட், தயாமெதொக்சம், குளோதியானிடின் என்று போத்தல் முகப்பில் சிறிய எழுத்தில் இருப்பவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பழையதற்கும் புதியதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புகையிலைத் தண்ணி இலையின் மேல் கிடந்து வெயிலில் சில நாளில் போய்விடும். புதியது தண்ணீரில் கரைந்து வேரால் உறிஞ்சப்பட்டு செடியின் சாற்றோடு ஏறும். தண்டிலும் இலையிலும் நிற்காது, பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கும். இமிடாகுளோப்ரிட் ஒரு தேனீயைக் கொல்லச் சில நானோகிராம்களே போதும். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். கொல்லாத அளவிலும் அது சும்மா விடுவதில்லை. தேனீ கூட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கும், உணவு தேடும் திறன் குறையும். கூட்டுக்கு முன்னால் பிணம் கிடக்காது. போனவை திரும்பி வராது, அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் மேற்சொன்ன மூன்றையும் 2013 இல் கட்டுப்படுத்தி, 2018 இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு முற்றாகத் தடைசெய்தது இதனால்தான்.

இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்து இதை வாசிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பின்வளவையும் இந்த இடத்தில் யோசிக்கலாம். பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூச்சாடிக் கடைகளில் விற்கப்படும், 'மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கு உகந்தது' என்ற வகையைச் சேர்ந்த 29 செடிகளை வாங்கிச் சோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டனர். எந்தப் பூச்சிகொல்லியோ பூஞ்சைகொல்லியோ இல்லாமல் இருந்தவை இரண்டே இரண்டு. சுமார் 70 வீதமானவற்றில் நியோனிக்கொட்டினொயிட் இருந்தது. தேனீக்கு உதவுவோம் என்று காசு கொடுத்து வாங்கிய செடி, தேனீக்கு நஞ்சு வைத்த தட்டாக மாறியிருக்கின்றது. வாங்கியவர் மேல் பிழை இல்லை. செடியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஊரிலும் இப்போது அதே நிலைமைக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றோம். முன்பு பூமரம் என்றால் அயலில் ஒரு தடி முறித்து வந்து நடுவது. இன்று வெளிநாட்டுக் காசில் கட்டிய புது வீட்டுக்குக் கறுப்புப் பையில் வளர்த்த கன்றுகள் வாகனத்தில் வந்து இறங்குகின்றன. எங்கிருந்து வந்தது, என்ன அடித்து வளர்த்தது என்று கேட்பவர் இல்லை. மாசு இல்லாத பளபளப்பான இலையும் நூறு பூவும் இருந்தால் விலை. ஒரு பூச்சிகூடக் கடிக்காத இலை என்றால் ஏன் கடிக்கவில்லை என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.

என்னுடைய அபிப்பிராயம், தேனீயை நினைத்துப் பூ வைப்பவர்கள் கன்று வாங்குவதை விட விதையும் தடியும் வாங்குவது நல்லது. துளசி விதையும் கொஸ்மஸ் விதையும் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த ஒழுங்கைக்கே காணும். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், பையிலுள்ள மண்ணை முடிந்தளவு உதறி வேறு மண்ணில் நட்டு, முதல் முறை வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். நஞ்சு முழுவதும் போய்விடும் என்று சொல்லவில்லை, குறையும்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் பிழை. புகையிலைத் தண்ணி தேனீக்கும் நஞ்சுதான். வேப்பெண்ணெய் அதைவிட மென்மையானது, ஆனாலும் விரிந்த பூவின் மேல் அடிக்கக்கூடாது, மாலையில்தான் தெளிக்கவேண்டும். பனி ஈரத்தில் இலையின் மேல் சாம்பல் தூவும் எங்கள் பழைய பழக்கம் பூசணி வண்டுக்கு இன்றைக்கும் சரிவரும். பூவுக்குள் விழாமல் தூவினால் சரி.

வேலி போய் மதில் வந்தபோது

யாழ்ப்பாணத்து வேலி ஒரு பூந்தோட்டமாக இருந்ததை நாங்கள் கவனித்ததில்லை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, கிளிசரியா என்று கதியாலாக நட்டதெல்லாம் காலத்துக்குக் காலம் பூத்தன. போர் முதலில் பனைகளைத் தின்றது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகளோடு, தேனீ கூடு வைத்த பொந்துகளும் போயின. 1987 மே மாத இறுதியில் தொடங்கிய ஒப்பரேசன் லிபரேசனில் வடமராட்சி மக்கள் வளவுகளை விட்டு ஓடவேண்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, வந்தவர்களுக்கு வடமராட்சியின் வளவுகளே வீடாகின. ஆனால் வேலியை அழித்தது போரல்ல. அதற்குப் பிறகு வந்த சீமெந்து மதில். பாதுகாப்பு என்ற எண்ணமும், வேலி அடைக்க ஆள் கிடைக்காததும், எல்லைச் சண்டையும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. முற்றத்துக்குக் கல்லுப் பதித்ததும் தும்பைக்கும் இடமில்லை.

இலங்கையில் சுமார் 150 வகைத் தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் தேன் சேர்த்து வைப்பவை நான்கு: பொந்தில் கூடு வைக்கும் எங்கள் நாட்டுத் தேனீ, உயரத்தில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ, பற்றைக் கொம்பில் கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீ, சுவர் வெடிப்பிலும் மரத் துவாரத்திலும் இருக்கும் கொட்டாத கொசுத்தேனீ. மற்றவை தனியாக வாழ்பவை. கத்தரிப் பூவின் மகரந்தத்தை நாட்டுத் தேனீயால் எடுக்க முடியாது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் கருவண்டும் நீலவரித் தேனீயும்தான் அதற்கு வேண்டும். அந்தக் கருவண்டு கைமரத்தில் துவாரம் போட்டால் நாங்கள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொல்கின்றோம். கோடியில் ஒரு பட்ட மரக்குற்றியை விட்டுவைத்தால் அது வீட்டுக் கூரைக்கு வருவது குறையும்.

ஆண்டு முழுவதும் பார்த்தால் தேனீக்கு இங்கு எல்லாக் காலமும் பஞ்சம் இல்லை. தை, மாசியில் முருங்கையும் கிளிசரியாவும் பனம்பாளையும் இருக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பு. வடகத்துக்கு வேப்பம்பூப் பொறுக்கும் அந்த நாட்களில் மரத்தடியில் நின்றாலே தலைக்கு மேல் இரைச்சல் கேட்கும். அதன் பிறகு புளியும் நாவலும். இடறுவது ஆடி தொடங்கிப் புரட்டாதி வரைதான். சோளகம் அடித்து மண் காய்ந்து, களைகூடக் கருகும் காலம். அப்போது கிணற்றடித் தண்ணீர் போகும் வாய்க்காலோரத்தில் நிற்கும் துளசியும், வைகாசிக் கடைசியில் விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கும் சூரியகாந்தியும் ஒரு கூட்டைக் காப்பாற்றலாம். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்தால் அதுவும் உதவி. கல் இல்லாத தண்ணீரில் தேனீ விழுந்து சாகும்.

ஆண்டு முழுவதும் பாளை விடுவது தென்னை ஒன்றுதான். அதனால்தான் அண்மைய ஆண்டுகளில் யாழ். மாவட்டத்தைப் பிடித்திருக்கும் வெள்ளை ஈப் பிரச்சினை தேனீயோடும் தொடர்புபடுகின்றது. ஓலையின் அடிப்புறத்தைத் தண்ணீராலும் சவர்க்காரக் கரைசலாலும் அடித்துக் கழுவுவது கரைச்சலான வேலை என்று, வேராலோ தண்டாலோ மருந்தேற்றி விடலாம் என்று யாராவது சொன்னால், அது பாளைக்கும் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு தொல்லை இருக்கின்றது. தேனீக்கு மதில் தெரியாது. நாட்டுத் தேனீ கூட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் சுற்றிலும் சாதாரணமாகப் போய்வரும். அந்த வட்டத்துக்குள் கரவெட்டியில் எத்தனை வெங்காயத் தறை, எத்தனை மிளகாய்த் தோட்டம் என்று எண்ணிப் பாருங்கள். வளவு முழுவதும் துளசி வைத்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் காலை எட்டு மணிக்குப் பனிப்பூச்சிக்கு மருந்தடித்தால் எல்லாம் வீண்.

மருந்தே அடிக்காதே என்று தோட்டக்காரருக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் பூச்சிகொல்லிக்கும் ஒரே அடியாக இறக்குமதித் தடை போட்டு, நவம்பரில் அதை விலக்கிக்கொண்ட கூத்தில் அடிபட்டவர்கள் அவர்கள்தான். கடன்பட்டு நட்ட வெங்காயத்தைப் பூச்சிக்கு விட்டுவிட்டு யாரும் சும்மா இருக்கப்போவதில்லை. கேட்கக்கூடியது நேரம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு அடித்தால் தேனீ பெரும்பாலும் கூட்டுக்குப் போயிருக்கும், இரவில் ஈரம் காய்ந்துவிடும். தோட்டத்தில் பூத்து நிற்கும் களையை மருந்துக்கு முன்னரே வெட்டிவிடலாம். வேரால் ஏறும் வகை மருந்துக்கு மட்டும் இந்த நேரக் கணக்கு உதவாது, அது பூவுக்குள் இருந்தே வேலை செய்யும். அதனால் பூக்கும் பயிருக்கும் அதன் அருகிலும் அந்த வகை வேண்டாம் என்று கடையிலும், கமநல சேவை நிலையத்திலும், விவசாய போதனாசிரியரிடமும் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். மருந்தின் வியாபாரப் பெயரைப் பார்க்காமல், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள்.

அந்த அக்காவின் வளவுக்குப் பின்னால் வெங்காயம் செய்பவர் அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணை. இரண்டு கிழமைக்குப் பிறகு போனபோது அவரும் வேலியடியில் நின்றார். கையால் மகரந்தம் தடவிய பூக்களில் ஆறு பிஞ்சு நின்றிருந்தது. ஒன்று பொச்சுத் தேங்காய் அளவு வந்துவிட்டது. துளசியில் மூன்று செடி கதிர் விட்டிருந்தது.

"பின்னேரம் அடிக்கலாம் தங்கச்சி, எனக்கென்ன. ஆனா கூலிக்கு வாற பெடியன் காலமைதான் வாறான்" என்றார் அண்ணை.

"அவனுக்கு நான் தேத்தண்ணி போட்டுத் தாறன், பின்னேரம் வரச் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

அவனிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அண்ணை தண்ணி மாறப் போனார். துளசிக் கதிரில் கொசுத்தேனீ இரண்டு இருந்தன. பூசணிப் பூவில் அன்றைக்கும் ஒன்றும் இல்லை. அக்கா இன்னொரு ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழிக்கத் தொடங்கினார்.